சும்மா இருக்கத் தெரியாதவள்

பக்கத்து வீட்டு அங்கிளும் ஆன்ட்டியும் ஆஸ்திரேலியாவில் இருந்த மகளிடமே போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தபோது, அவர்கள் வீட்டு பீரோ, சாப்பாட்டு மேஜை, தையல் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. நாய்க்கு மட்டும் கிடைக்கவில்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் நாய் பிடிக்காதவர்கள் குறைவு. ஆனால் அந்த நாயைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை, அதனால்தான் கிடைக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆன்ட்டி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவிடம் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை, என்னிடம்தான் கேட்டார். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்கிறேன், நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். ஆன்ட்டி என் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அவள் டெரியர் கிராஸ். தாய் கன்டோன்மென்ட் பக்கத்து பங்களா ஒன்றில் வளர்ந்த அசல் டெரியர் என்று அங்கிள் சொல்வார். தகப்பன் யாரென்று அவர் சொன்னதில்லை. தெருவில் சுற்றிய பழுப்பு நாய்களில் ஒன்றாக இருக்க வேண்டும். குட்டைக் கால்கள், வெள்ளை உடம்பில் சாயம் சிந்தினாற்போலப் பழுப்புத் திட்டுகள். மூக்கைச் சுற்றித் தேங்காய் நார் போல விறைத்த முடி. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று பாதியில் மடிந்து தொங்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் தன் அளவு அவளுக்குத் தெரியவே தெரியாது. கறிக்கடை வாசலில் படுத்திருக்கும் கன்றுக்குட்டி போன்ற கறுப்பு நாயைப் பார்த்தால் கால்களை விறைத்துக்கொண்டு நேராக அதன் முகத்துக்கு எதிரே போய் நிற்பாள். அந்த நாய் என்ன நினைத்ததோ, எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதற்கு முன் எனக்குத் தெரிந்த நாய்களெல்லாம் பெரும்பாலான நேரம் தூங்குபவை. இவளிடம் அந்த வழக்கம் இல்லை. பால்காரரின் சைக்கிள் அடுத்த குறுக்குத் தெருவில் திரும்பும்போதே கேட்டில் இருப்பாள். குக்கர் விசில் அடித்தால் சமையலறைக்குள் பாய்ந்து அடுப்பைப் பார்த்துக் குரைப்பாள். மடித்த குடையோடு யார் வந்தாலும் எதிரி. விரித்த குடை பரவாயில்லை. பந்தை எறிந்தால் எடுத்து வருவாள், ஆனால் கையில் தரமாட்டாள். கை எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுக் கண்ணைப் பார்ப்பாள். குனிந்தால் கவ்விக்கொண்டு ஓடிவிடுவாள். கோபம் வந்தால் உண்மையாகவே கடிக்க வருவாள். அடுத்த நிமிடம் அது அவள் நினைவிலேயே இருக்காது. நாம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம். மடியில் ஏற மாட்டாள். ஆனால் படுக்கும்போது முதுகு யாருடைய காலிலாவது ஒட்டியிருக்க வேண்டும். மூடிய கதவு மட்டும் அவளுக்கு ஆகாது. எந்தக் கதவை மூடினாலும் அந்தப் பக்கம் ஏதோ நடக்கிறது, தன்னை விட்டுவிட்டு நடக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிடும்.

எலி வாசம் பிடித்த நேரத்தில்தான் அவள் வேறு ஆளாக மாறுவாள். குரைப்பு நின்றுவிடும். ஒரு முன்னங்கால் மடங்கி அந்தரத்தில் நிற்கும். உடம்பு முழுக்க ஓடிக்கொண்டிருந்த அந்தப் பரபரப்பெல்லாம் மூக்கு நுனியில் வந்து கூடிவிட்டதுபோல அசையாமல் நிற்பாள். அவள் சத்தம் போடும்போது நாங்கள் கவலைப்பட்டதில்லை. சத்தம் நின்றால்தான் எழுந்து போய்ப் பார்ப்போம்.

அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். கர்நாடகத்தில் பாதி மாவட்டங்களைச் சங்கிலி பிடித்து நடந்தே அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நடக்க இருந்த இடம் கேட்டிலிருந்து பின்பக்கத் துவைக்கும் கல் வரைதான். பேப்பரை விரிப்பார், மடிப்பார், எழுந்து கேட்டைத் திறந்து தெருவைப் பார்ப்பார், மூடுவார். சிவாஜிநகர் போய் ஒரு பூட்டு வாங்கி வருவார். வந்ததும் கீல் வாங்க மறந்தது நினைவு வந்து மறுபடி பஸ் ஏறுவார். அவர் எழும்போதெல்லாம் அவளும் எழுந்தாள். அவர் கேட்டுக்குப் போனால் கேட்டுக்கு, துவைக்கும் கல்லுக்குப் போனால் துவைக்கும் கல்லுக்கு.

"இவ ஏன் நான் எழுந்தா கூடவே எழுந்திரிக்கிறா?" என்று என்னிடம் புகார் சொல்வார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். "சும்னே இரே", சும்மா இருடி, என்று கன்னடத்தில் அதட்டுவார். அவருக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். பக்கத்து வீட்டார் அவளுக்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வாடி, போடி, அவ்வளவுதான். நல்ல இடம் பார்த்தாயா என்று வாரம் தவறாமல் கேட்பார். நானும் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்வேன். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் கம்பெனியில் என்னைப் பூனாவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு பெரிய வேலை எடுத்திருந்தார்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்க வேண்டும். எனக்குப் போக வேண்டும் என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். கல்யாணம் ஆகாத பெண் தனியாக வெளியூரில் எப்படி என்றார். நான் பதில் பேசினேன், அவர் எழுந்து கேட்டுக்குப் போனார், நாய் அவர் பின்னால் போனது. அவர் தங்கை, என் அத்தை, அதே வாரத்தில் ஒரு வரன் கொண்டுவந்தார். ஓசூர்க்காரர்கள், பையன் பேங்கில் வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வந்தார்கள். பையன், அவர் அப்பா, அம்மா. நாயைப் பின்பக்கத்தில் கட்டிப் போட்டிருந்தோம். அவள் குரைத்துக்கொண்டே இருந்தாள். சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டு எல்லோரும் பேச வேண்டியிருந்தது. கேசரி நன்றாயிருக்கிறது என்றார் பையனின் அம்மா. பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போக எண்ணம் உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "அதெல்லாம் எதுக்கு, விட்டுடுவா" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் குரைப்பு நின்றது.

எனக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. இருவரும் பாதி எழுந்தோம். அதற்குள் கடித்து அறுத்த கயிற்றின் நுனி தரையில் இழைய அவள் ஹாலுக்குள் வந்துவிட்டாள். வயிறு தரையில் படும்படி பதுங்கி வந்தாள். வந்தவர்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பையனின் அம்மா உட்கார்ந்திருந்த சோபாவின் முன் நின்று ஒரு காலை மடக்கினாள். "ஒண்ணும் பண்ண மாட்டா" என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே சோபாவின் அடியில் பாய்ந்தாள். கீச்சென்று ஒரு சத்தம். வெளியே வந்தபோது அவள் தலையளவுக்கு ஒரு பெருச்சாளி வாயில் இருந்தது. ஒரே உதறல். முடிந்துவிட்டது. அதைக் கேசரித் தட்டு இருந்த டீப்பாயின் பக்கத்தில் போட்டுவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி சோபாவின் அடியைப் பார்த்தாள். பையனின் அம்மா இரண்டு கால்களையும் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தார். பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அவர் அப்பாதான் எழுந்து, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

சம்பந்தம் முறிந்தது என்றுதான் நினைத்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து அத்தை வந்து, அவர்களுக்குச் சம்மதம் என்றார். பெண் வேலையை விட வேண்டும், அந்த நாய் எந்தக் காலத்திலும் அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, பிறந்த வீட்டில் இருப்பதுகூட நல்லதல்ல, சுப காரியம் பேசும்போது ரத்தம் காட்டிய பிராணி. இவ்வளவும் சொல்லிவிட்டு அத்தை அப்பாவிடம், "முதல்ல நாயை அனுப்புங்க அண்ணா. மத்தது தானா நடக்கும்" என்றார்.

எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நானாகவே இல்லை என்று சொன்னேன். அத்தை கேட்காததுபோலப் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் நான் ஆபீஸிலிருந்து திரும்பி கேட்டைத் திறந்தேன். சத்தமே இல்லை. அப்பா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நின்றிருந்தார். எங்கேயோ போகக் கிளம்பி எங்கே என்று மறந்துபோனவர் போல நின்றிருந்தார். ஊருக்கு வெளியே சந்தாபுராவில், அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் கேழ்வரகு நிலமும் வீடுமாக இருந்தார். அவரிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அங்கே இடம் இருக்கிறது, எலி இருக்கிறது, ஓடலாம் என்றார். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோனார் என்பதையும் அவராகவே சொன்னார். ஒயர் கூடையில் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். பாதி வழியில் அவள் துண்டுக்கு மேலே தலையை நீட்டிக் கண்டக்டரைப் பார்த்து உறுமியிருக்கிறாள். இறக்கிவிடுகிறேன் என்ற கண்டக்டரிடம், "மரி ஸ்வாமி, கச்சல்லா" என்று, குட்டிதான், கடிக்காது என்று, ஓசூர் சாலை முழுக்கக் கெஞ்சிக்கொண்டே போயிருக்கிறார். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

நான் அவரிடம் பேசவில்லை. தட்டு வைத்தேன், அவர் சாப்பிடவில்லை. எழுந்து கேட்டுக்குப் போனார். போகும்போது ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். துவைக்கும் கல் வரை போனார், திரும்பி வந்தார். செருப்பைப் போட்டார், கழற்றினார். எனக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தோம். விடிந்ததும் குளித்துவிட்டு வெளியே வந்தவர், என்னைப் பார்க்காமல், ஒயர் கூடை எங்கே என்று கேட்டார். ஆபீஸுக்கு இன்று வரவில்லை என்று போன் செய்துவிட்டு நானும் கிளம்பினேன்.

சந்தாபுராவில் இறங்கி நிலத்துக்கு நடந்தோம். நண்பர் எதிரே வேகமாக வந்தார். அவர் முகம் சரியில்லை. "சர்வேயரே, உங்க வீட்டுக்கு ஆள் அனுப்பலாம்னுதான் இருந்தேன்" என்றார். நேற்றுச் சாயங்காலம் அவிழ்த்துவிட்ட உடனே அவள் வரப்போரமாக ஓடியிருக்கிறாள். மேட்டுக் கரையில் ஒரு பொந்து. எதையோ துரத்திக்கொண்டு அதற்குள் நுழைந்தவள் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து குரைப்பு கேட்டிருக்கிறது. பிறகு கேட்கவில்லை. காலையிலும் வந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

அப்பா மேட்டுக் கரையைப் பார்த்து நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பொந்தின் வாய் ஒரு சொம்பு நுழைகிற அளவுதான் இருந்தது. அதற்குள் எப்படிப் போனாள் என்றே தெரியவில்லை. அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு தரையில் குப்புறப் படுத்தார். காதைப் பொந்தில் வைத்தார். பிறகு வாயை வைத்து, "வாடி, வெளியில வாடி" என்றார். கன்னடத்தில் கூப்பிட்டார். கடைசியில், பக்கத்து வீட்டார் வைத்த அந்த ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. ஆன்ட்டி எப்படி இழுத்துச் சொல்வாரோ அப்படியே இழுத்துச் சொன்னார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

நண்பர் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்தார். நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் வந்தார்கள். மேலிருந்து வெட்டினால் மண் சரிந்து உள்ளே மூடிவிடும் என்று அப்பா பயந்தார். அதனால் பக்கவாட்டில் மெதுவாக வெட்டினார்கள். அப்பா வெட்டின மண்ணைக் கையாலேயே வாரி வெளியே தள்ளினார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நகத்தில் ரத்தம் வந்திருந்தது. வெயில் ஏறிவிட்டது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் யாரோ தும்முவதுபோல ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். கள்ளி வேலிக்கு அடியிலிருந்து ஒரு மண்ணுருண்டை வெளியே வந்து உடம்பை உதறியது. வெள்ளையே தெரியவில்லை. ஒரு கண் வீங்கியிருந்தது, மூக்கில் நீளமாக ஒரு கீறல். கரைக்கு அந்தப் பக்கம் வேறொரு வழி இருந்திருக்க வேண்டும். அவள் என்னைத் தாண்டிப் போனாள். நான்கு பேர் குனிந்து குழி வெட்டுவதைக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அப்பாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே புகுந்து, அவரோடு சேர்ந்து அவளும் தோண்ட ஆரம்பித்தாள்.

அப்பா முதலில் அது அவள்தான் என்று உணரவில்லை, மண்ணை வாரிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கை நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்தார். பனியன் முழுக்க மண். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி இன்னும் அழுக்காகிக்கொண்டே இருந்தது. அவள் நிறுத்தாமல் தோண்டிக்கொண்டிருந்தாள். மண் அவர் மடியில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

நண்பர் மோர் கொடுத்தார். நாய் இங்கேயே இருக்கட்டும் என்றார். ஒரே நாளில் இந்த நிலத்தில் அவளுக்குத் தெரியாத வளை இல்லை, இவளுக்கு ஏற்ற இடம் இதுதான் என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கே பட்டது. அவள் வீங்கிய கண்ணோடு வரப்பில் மூக்கை வைத்துக்கொண்டு மறுபடி எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் சிமெண்டு முற்றத்தில் நான் பார்த்ததில்லை. அப்பா மோரைக் குடித்து முடித்துவிட்டு, இல்லை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். களைப்பில் அவள் தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் கால் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப தூரம் வந்த பிறகு அப்பா வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"பூனாவுக்கு எப்ப போகணும்னாங்க?"

அடுத்த மாதம் என்றேன்.

"அத்தை கிட்ட நான் சொல்லிக்கறேன். ஓசூர் வேணாம்."

அவரே தொடர்ந்தார். "அவளுக்கு அங்கதான் நல்லா இருந்திருக்கும், எனக்குத் தெரியும். என்னாலதான் முடியல. உங்க ரெண்டு பேரையும் பிடிச்சு வெச்சுக்க முடியாதும்மா. இவள வெச்சுக்கறேன். நீ போயிட்டு வா."

மார்க்கெட்டில் இறங்கி சிவாஜிநகர் பஸ்ஸுக்கு நடக்கும்போது கூடையை நான் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். அவர் தரவில்லை.

பூனாவில் இரண்டு வருடம் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்வேன். அப்பா பேசுவதைவிட அவள் குரைப்பதுதான் அதிகம் கேட்கும். போன் அடித்தாலே அவள் தாவி வந்து அதை எதிர்ப்பாளாம். அப்பா முன்புபோல வீட்டுக்குள் சுற்றுவதில்லை. காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஹென்னூர் பக்கம் அப்போது மிச்சமிருந்த வயல்வெளிகளுக்கு நடந்துவிடுவார். அங்கே அவளை அவிழ்த்துவிட்டு, அவள் ஒவ்வொரு பொந்தாகப் பார்த்து முடிக்கும் வரை நிற்பார். அங்கே வீட்டுமனை பிரிக்க வந்தவர்கள் அளவு தப்பாகக் கல் நட்டிருப்பதாகவும், அவர்களோடு சண்டை போட்டதாகவும் ஒருமுறை சொன்னார். குரல் உற்சாகமாக இருந்தது. ஆனால் பேச்சின் நடுவே சட்டென்று, நீ எப்போது வருவாய் என்று கேட்பார். இன்னும் தெரியவில்லை என்பேன். சரி சரி என்று வேகமாகச் சொல்லிவிட்டு நாயைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் குட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் குட்டிகளின் குணம் பற்றித்தான். ஒன்று கண் திறப்பதற்கு முன்பே உறுமுகிறது. ஒன்று எப்போதும் மற்றதன் காதைப் பிடித்து இழுக்கிறது. ஒன்று மட்டும் பால் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்கிறது, யார் எடுத்தாலும் போகிறது. இந்தக் கடைசிக் குட்டியைப் பற்றித்தான் அவருக்குப் பெரிய கவலை. அதற்கு உடம்பு சரியில்லையோ என்று டாக்டரிடம்கூடக் கொண்டுபோயிருக்கிறார். ஒன்றும் இல்லை, சாதுவான குட்டி, அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா நம்பவில்லை.

பொங்கலுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது உறுமுகிற குட்டியைப் பால்காரர் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார். காதை இழுப்பதைச் சர்ச் காம்பவுண்டில் யாரோ எடுத்துக்கொண்டார்கள். சாதுவான குட்டியைத்தான் எல்லோரும் கேட்டார்களாம். அப்பா அதை யாருக்கும் கொடுக்கவில்லை. இப்படிப்பட்டதை வெளியில் அனுப்பினால் பிழைக்கத் தெரியாது என்றார்.

நான் பெட்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தாய்க்காரி வந்து என் கையை, காலை, பெட்டியின் சக்கரத்தை மோந்து பார்த்தாள். அறிமுகம் உண்டு என்று ஒரு வாலாட்டல், அவ்வளவுதான். உடனே கேட்டுக்கு ஓடிவிட்டாள். குட்டி மட்டும் மெதுவாக வந்து என் முழங்காலில் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. அதன் சின்ன வயிறு சீராக ஏறி இறங்கியது. அப்பா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று எங்களைப் பார்த்தார். அது இன்னும் அசையாமல் இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கவலையோடு தலையை ஆட்டிவிட்டு, அடுப்பில் பாலை விட்டுவிட்டு வந்தது நினைவு வந்து உள்ளே ஓடினார்.